மரக் கியூ: பழுது பார்க்க, செய்ய, விலை மதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் தன் அப்பா அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த பூல் கியூ (மேசையில் பந்தைக் குத்தி ஆடும் நீளக் கோல்) ஒன்றை என்னிடம் எடுத்து வந்தார். பிடிக்கும் பகுதியில் அருமையான வேலைப்பாடு. ஆனால் முன்பகுதி அழுக்காக இருக்கிறதென்று அவரே உப்புத்தாள் வாங்கி நன்றாகத் தேய்த்திருந்தார். வெர்னியர் வைத்து அளந்தேன். 13 மி.மீ. இருந்திருக்க வேண்டிய நுனி 11.6 மி.மீ. ஆகியிருந்தது. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் விரலால் தடவினால் ஒரு படி தட்டியது. "பழையபடி ஆக்க முடியுமா?" என்று கேட்டார். புதிய ஷாஃப்ட் (முன்பாதி) கடைந்து தரலாம், ஆனால் அந்த ஷாஃப்ட் போனது போனதுதான்.

கியூ வேலையில் முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். மரத்திலிருந்து எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. செய்கிறவர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார். பழுது பார்ப்பவர் எவ்வளவு குறைவாக எடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். விலை மதிப்பவர், இன்னும் எடுக்கப்படாமல் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடுகிறார். உங்களில் பெரும்பாலானோர் பழுது பார்ப்பதோடு நிற்பீர்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கையில் இருப்பது என்ன?

பூல் கியூ பெரும்பாலும் 58 அங்குல நீளம், சுமார் 147 செ.மீ. எடை 18 முதல் 21 அவுன்ஸ். பலருக்கும் கைக்கு வருவது 19, அதாவது 540 கிராம் அளவில். உலகப் பூல் விதிகளின்படி 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, டிப் 14 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

நுனியிலிருந்து வருவோம். பந்தைத் தொடும் தோல் டிப். அதைத் தாங்கும் வெள்ளை வளையம் ஃபெரூல். பிறகு ஷாஃப்ட், கிட்டத்தட்ட 29 அங்குலம் மேப்பிள் மரம். நடுவில் திருகிச் சேர்க்கும் ஜாயிண்ட். அதற்குப் பின்னால் இருப்பது முழுவதும் பட். பட்டிலேயே முன்கை, நூலோ தோலோ சுற்றிய பிடி, அடிப்பகுதி உறை, கடைசியில் ரப்பர் என்று பிரிவுகள் உண்டு.

நம் ஊர் கிளப்புகளில் அதிகம் கிடைப்பது ஸ்னூக்கர் கியூ. அது வேறு ஜாதி. ஷாஃப்ட் பெரும்பாலும் ஆஷ் மரம், நுனி 9 முதல் 10 மி.மீ., ஃபெரூல் பித்தளை, பின்பகுதி கருங்காலி. அந்தக் கருங்காலி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளர்கிற மரம். வைரம் பாய்ந்த கருங்காலியில் நம் வீட்டு உலக்கைகள் செய்ததும், பிரிட்டிஷ் பட்டறைகள் கியூவின் பின்பகுதிக்கு அதையே தேடியதும் ஒரே காரணத்துக்காகத்தான்: கனம், இறுக்கம். ஸ்னூக்கருக்கும் நமக்கும் உறவு அதைவிட நெருக்கம். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் தொடங்கிய அந்த ஆட்டத்தின் விதிகள் 1882-இல் எழுதி ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பில். இந்தக் கட்டுரை பூல் கியூவைப் பற்றியது. சோதனை முறைகளும் டிப் வேலையும் ஸ்னூக்கருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை: சோதனை

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் இந்த ஐந்தையும் வரிசையாகச் செய்யுங்கள்.

1. பட்டின் அடியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நுனி வரை பாருங்கள். மெல்லத் திருப்புங்கள். வளைவு இருந்தால் ஒரு பக்கம் மேலெழும்பி, எதிர்ப்பக்கம் வரும்போது கீழே இறங்கும்.

2. ஷாஃப்டையும் பட்டையும் கழற்றித் தனித்தனியாக மேசையின் சமமான பரப்பில் உருட்டுங்கள். அடியில் தெரியும் வெளிச்சக் கோட்டைக் கவனியுங்கள். ஷாஃப்ட் இயல்பாகவே கூம்பு வடிவம், அதனால் நடுவில் இடைவெளி இருப்பது குறை இல்லை. உருளும்போது அந்த இடைவெளி கூடிக் குறைந்தால்தான் கோணல்.

3. மறுபடி சேர்த்து உருட்டுங்கள். தனித்தனியாக நேராக இருந்தவை சேர்ந்ததும் ஆடினால் மரத்தில் குற்றமில்லை. ஜாயிண்ட் முகம் சமமாக இல்லை அல்லது அதிலுள்ள திருகாணி (பின்) சாய்ந்திருக்கிறது. முகத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துளிப் பிசுக்குகூட இதைச் செய்யும். முதலில் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

4. பட்டைத் தரையில் ரப்பர் பக்கமாக லேசாகத் தட்டுங்கள். சுத்தமான கட்டை ஒலி வர வேண்டும். கிர்ரென்று அதிர்ந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது.

5. ஷாஃப்டின் விட்டத்தை நுனியிலும், அங்கிருந்து 10 அங்குலத்திலும், ஜாயிண்டிலும் அளந்து எழுதி வையுங்கள். எடையையும் எழுதுங்கள். பின்னால் விலை பேசும்போது இந்தக் காகிதம் உதவும்.

அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். மேப்பிள் ஈரத்தைக் குடித்தால் பருக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. வளர்ச்சி வளையத்தின் போக்கில் பருப்பது, வளையத்துக்குக் குறுக்கே பருப்பதைவிட இரண்டு மடங்கு. மரத்தின் ஈரம் 6 சதவீதத்திலிருந்து 12 ஆனால் 13 மி.மீ. ஷாஃப்ட் ஒரு பக்கம் 0.1 மி.மீ.க்குச் சற்று மேலும், மறுபக்கம் 0.25 மி.மீ. வரையும் பருக்கும். அதாவது வட்டம் லேசான முட்டை வடிவமாகிவிடும். சென்னையில் ஐப்பசி மழைக்காலத்தில் "ஷாஃப்ட் திடீரென்று தடிமனாகத் தெரிகிறது" என்று ஒருவர் சொன்னால் அது பிரமை இல்லை. அந்தச் சமயத்தில் தேய்த்து மெலிய வைத்தால் மரம் காய்ந்த பிறகு வருத்தப்பட வேண்டும். இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள், ஏசி அறையில் சில நாள் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

டிப் மாற்றுதல்

எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது. லேத் (கடைசல் இயந்திரம்) வேண்டாம். கூரான ஒற்றைமுனை பிளேடு, 120, 400, 600 எண் உப்புத்தாள்கள், ஜெல் வகை சூப்பர் க்ளூ, காகித டேப், ஒரு துண்டுத் தோல் போதும்.

பழைய டிப்பை ஃபெரூல் ஓரத்தோடு ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு மி.மீ. தோலை விட்டு வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். பிளேடு ஃபெரூலுக்குள் இறங்கினால் அதன் உயரம் குறையும்.

ஃபெரூலின் முகம் ஷாஃப்டுக்குச் சரியான செங்குத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கையால் தேய்த்தால் முகம் மெல்லக் குவிந்துவிடும், ஓரத்தில் பசை பிடிக்காது, இரண்டே வாரத்தில் டிப் பறந்துவிடும். இதற்கு ஒரு எளிய வழி: இரண்டு அங்குல தடிமனுள்ள மரக்கட்டையில் டிரில் ஸ்டாண்டு வைத்து நேராக ஒரு துளை போடுங்கள், ஃபெரூல் இறுக்கமில்லாமல் நுழையும் அளவு. கண்ணாடித் தகட்டில் 120 தாளை ஒட்டி, மேலே கட்டையை வைத்து, துளைக்குள் ஷாஃப்டை இறக்கி மெல்லச் சுழற்றுங்கள். முகம் கண்ணாடிபோல் சமமாக வரும்.

புதிய டிப்பின் அடியையும் அதே தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். 13 மி.மீ. ஃபெரூலுக்கு 14 மி.மீ. டிப் வாங்கினால் ஓரம் சீவ இடம் இருக்கும். ஒரு துளிப் பசை போதும். வழிந்து ஷாஃப்ட் மேல் ஓடினால் கறை போகாது, அதனால் ஃபெரூலைச் சுற்றி டேப் போட்டுவிடுங்கள். நடுவில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும் என்பார்கள். நான் ஒரு இரவு விட்டுவிடுவேன்.

அடுத்த நாள் கியூவைத் தலைகீழாக, டிப் ஒரு பலகையில் அழுந்தும்படி நிறுத்துங்கள். துருத்தியிருக்கும் தோலை மேலிருந்து கீழாக மெல்லிய சீவல்களாகச் சீவுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் அடுக்குத் தோல் பிரிந்துவிடும். பிறகு 400, 600 தாள். ஃபெரூலைத் தாள் தொடக் கூடாது. கடைசியில் ஓரத்தை லேசாக ஈரப்படுத்தித் தோல் துண்டால் சூடேறும்வரை தேய்த்தால் அது கறுத்துப் பளபளத்து இறுகும். அடி விழ விழ டிப் காளான்போல் விரியாமல் காப்பது இந்த இறுக்கம்தான்.

மேல் வளைவுக்கு அமெரிக்காவில் நாணயத்தைக் கணக்காகச் சொல்வார்கள். நிக்கல் 21.2 மி.மீ., டைம் 17.9 மி.மீ. நம்மிடம் 2011-இல் வந்த சிறிய ஒரு ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட 22 மி.மீ., அதாவது நிக்கல் வளைவுக்கு வெகு அருகில். நாணயத்தின் விளிம்பை டிப் மேல் வைத்து, இடையில் வெளிச்சம் தெரியாதவரை வடிவமைத்தால் போதும்.

எந்த டிப் வாங்குவது? ஒற்றைத் தோலில் எல்க் மாஸ்டர் மென்மையானது, லீ புரோ, டிரையாங்கிள் கடினமானவை. இவற்றைத் தயாரித்தது சிகாகோவின் ட்வீட்டன் நிறுவனம். அடுக்குத் தோலில் ஜப்பானின் மூரியும், பன்றித் தோல் அடுக்கில் வரும் காமுயியும் பேர் பெற்றவை. அமெரிக்க ஆட்டக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மலிவான எல்க் மாஸ்டர் டிப்பை ஒரு நாள் பாலில் ஊறவைத்து, வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) நசுக்கி, நன்றாகக் காயவிட்டு ஒட்டுவார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். நசுக்கிய டிப் நடுத்தரக் கடினத்துக்கு வந்து, பல மாதம் வடிவம் மாறாமல் நிற்கிறது. ஒரு பெட்டி டிப்பிலிருந்து ஒரே மாதிரி அழுத்தம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

மற்ற பழுதுகள்

டிப்பில் பூசும் சாக்கின் நீலக் கறைக்கும் கை அழுக்குக்கும் உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். வீடு துடைக்க விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, லேசாகத் தேய்த்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். அதுவும் மிக நுண்ணிய உராய்வுதான், அதனால் வாரா வாரம் செய்யாதீர்கள். பிறகு மெழுகு கொஞ்சம் தடவித் தோலால் சூடு பறக்கத் தேய்த்தால் துளைகள் அடைபடும்.

பள்ளம் விழுந்திருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். நார் நசுங்கியிருந்தால் திரும்ப எழும்பும், அறுந்திருந்தால் எழும்பாது. நசுங்கிய இடத்தில் மட்டும் ஈர டிஷ்யூத் துண்டை ஐந்து நிமிடம் வைத்து, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை இரண்டு விநாடி தொட்டு எடுங்கள். ஆவி நாருக்குள் போய் அதை ஊத வைக்கும். ஃபெரூல், ஜாயிண்ட் அருகே சூடு வேண்டாம், பசை விட்டுவிடும். ஒரு நாள் காயவிட்டு, எழும்பியிருக்கும் நார்ப் பிசிறை மட்டும் 1000 எண் தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

சத்தம் வரும் கியூவை நான் ஆரம்பத்தில் தப்பாகக் கையாண்டிருக்கிறேன். அடிக்கும்போது அதிர்கிறது என்று வந்த ஒரு பட்டை, முன்கையும் பிடியும் சேரும் இடத்தில்தான் பசை விட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, நூல் முழுவதையும் பிரித்தேன். அங்கே ஒன்றுமில்லை. கடைசியில் ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடைத் திருகு ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தது. ஒரு நிமிட வேலைக்கு ஒரு நல்ல லினன் சுற்று போயிற்று. அதிலிருந்து வரிசை மாற்றுவதில்லை: முதலில் ரப்பரும் எடைத் திருகும், அப்புறம் ஜாயிண்ட் பின், அப்புறம் காலர் வளையங்கள், ஃபெரூல். எல்லாம் கெட்டி என்றால் மட்டுமே நூலுக்குக் கீழே.

நூல் சுற்று அழுக்காகிப் பிரிந்தால் மாற்றலாம். பட்டை லேத்தில் மெல்லச் சுழலவிட்டு, இடைவெளியில்லாமல் லினன் நூலைச் சுற்றி, கடைசி முனையைச் சில சுற்றுகளுக்கு அடியில் இழுத்துச் சொருகி, ஈரம் தொட்டு அழுத்தித் தேய்த்துச் சமமாக்குவார்கள். மலிவான வேலை, பார்வைக்குப் பெரிய மாற்றம். ஃபெரூல் வெடித்தால் அதற்கு லேத் கட்டாயம். ஷாஃப்டின் நுனியில் கடைந்திருக்கும் மெல்லிய முளையில்தான் ஃபெரூல் உட்கார்ந்திருக்கிறது. கையால் உடைத்து எடுக்கப் போனால் முளையே முறியும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கோணல்? சூடு காட்டி, முழங்காலில் வைத்து வளைத்து நிமிர்த்துகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். அன்று நேராகத் தெரியும், அடுத்த மழைக்குப் பழைய வளைவுக்கே திரும்பும். அந்தச் சில வாரத்துக்குள் அது கை மாறிவிடும் என்பதுதான் அந்த வித்தையின் பயன். லேசான கோணல் இருந்தாலும் ஆட முடியும் என்பதே உண்மை. அது கண்ணை உறுத்தவில்லை என்றால் அப்படியே ஆடுங்கள். உறுத்துகிறது என்றால் புதிய ஷாஃப்ட் போடுங்கள். பட் வளைந்திருந்தால் செலவு செய்ய வேண்டாம். வராமல் தடுப்பது சுலபம்: சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

செய்வது எப்படி?

ஷாஃப்டில் தொடங்குவோம், ஏனென்றால் பந்தை உணர்வது அதில்தான். மரம், வட அமெரிக்காவின் கடின மேப்பிள். குளிர் அதிகமுள்ள வடபகுதியில் மெல்ல வளர்ந்த மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், அதையே விரும்புவார்கள். சுப்பீரியர் ஏரியில் 19-ஆம் நூற்றாண்டில் மிதக்கவிட்டு மூழ்கிப்போன மரங்களைப் பின்னாளில் மேலே எடுத்து, அவற்றிலும் ஷாஃப்ட் செய்தார்கள்.

ஓர் அங்குலச் சதுரம், 30 அங்குல நீளக் கட்டைகளாக வாங்குவார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது நார் ஓட்டம். கட்டையின் பக்கத்தில் தெரியும் சிறு கோடுகள் நுனி முதல் அடி வரை இணையாக ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் நாளை வளையும். கணு, கனிமக் கறைக் கோடுகள் இருப்பதை ஒதுக்குங்கள். மிஞ்சியதைச் சிமெண்டுத் தரையில் ஒரு முனையால் தட்டிக் கேளுங்கள். மணிபோல் ஒலிப்பதும் மந்தமாக ஒலிப்பதும் உங்களுக்கே பிரியும்.

இனி லேத்தில் கடைசல். முதல் நாள் சதுரத்தை வட்டமாக்கி, இரு முனையிலும் மையத் துளை போட்டு, நேராகத் தொங்கவிட வேண்டும். ஒரு மாதம் விடுங்கள். மரம் உள்ளே பிடித்து வைத்திருந்த இறுக்கம் வெளித்தோல் போனதும் தளரும், கட்டை தான் விரும்பிய பக்கம் கொஞ்சம் நகரும். அடுத்த கடைசலில் முடிவான அளவைவிட 3 மி.மீ. அதிகமாகக் கூம்பாக்குங்கள். மறுபடி தொங்கவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அரை மி.மீ.க்கு மேல் எடுக்காமல், இடையில் இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு, ஐந்தாறு முறை. ஒவ்வொரு முறையும் அதே மையத் துளையில் மாட்டி, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் கடைசலுக்குப் பிறகும் வளைகிற ஷாஃப்டை நேராக்கப் பார்க்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். பத்துக் கட்டையில் நாலு போனாலும் போகட்டும். அவசரத்தில் ஒரே வாரத்தில் கடைந்த ஷாஃப்ட் வாங்கியவர் வீட்டில் போய்த்தான் வளையும்.

கூம்பின் வடிவம் ஆட்டத்தை மாற்றும். அமெரிக்கப் பாணியில் நுனியிலிருந்து 10, 12 அங்குலம் வரை ஏறக்குறைய ஒரே 13 மி.மீ. ஓடி, பிறகு ஜாயிண்டில் 21.5 மி.மீ. அளவுக்குப் பருக்கும். விரல் வளையத்துக்குள் வைத்துக் குத்தும்போது தடிமன் மாறுவது தெரியாது. ஐரோப்பியப் பாணியில் நுனியிலிருந்தே சீராகப் பருக்கும், விறைப்பு அதிகம். பக்கவாட்டில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து கொஞ்சம் விலகிப் போவது, நுனியிலுள்ள சில அங்குலங்களின் எடையைப் பொறுத்தது. 1994-இல் பிரிடேட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஷாஃப்ட் இதைக் குறைத்தது. அவர்களுடைய 314 ஷாஃப்ட் பத்து ஆப்புத் துண்டுகளை வட்டமாக ஒட்டிச் செய்தது. ஒட்டுத்துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வளைவதும் குறைவு. நல்ல ஒற்றை மரத்தின் ஒலியும் உணர்வும் எனக்கு இன்றும் பிடித்தம், ஆனால் நேர்த்தியைக் கேட்டால் ஒட்டு ஷாஃப்டின் பக்கம்தான் சொல்ல வேண்டும்.

பட்டில் அழகு என்று நாம் பார்ப்பது முன்கையில் ஏறும் கூர்களை. இரண்டு வழி. முழு ஒட்டு என்பது இரண்டு நீளக் கட்டைகளை நாக்கு நாக்காக அறுத்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுவது. கைகோத்த விரல்கள் மாதிரி. வெகு பலம். அரை ஒட்டு என்பது முன்கையில் ஆங்கில 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, அதில் வண்ண வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய சதுரக் கட்டையை வைத்து ஒட்டி, பிறகு பிடியோடு தனியாகத் திருகி இணைப்பது.

அரை ஒட்டில் கூர் எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் ஒரு கியூவைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பள்ளத்தைச் சாய்வாக வெட்டுகிறார்கள். பிடிப் பக்கம் ஆழம், மேலே போகப் போக மேலெழுந்து ஒன்றுமில்லாமல் முடியும். அதில் சதுரக் கட்டையை ஒட்டி, துருத்தும் பாகத்தை மறுபடி வட்டமாகக் கடைந்தால் முக்கோணக் கூர் தானாகத் தோன்றும். யாரும் கூரை வரைந்து வெட்டுவதில்லை. இதில் நாலு கூரும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். உதாரணமாக 250 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ. ஆழம் என்று வைத்தால், ஆழத்தில் 0.1 மி.மீ. பிசகினாலே கூர் இரண்டரை மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். மையம் ஒரு மயிரிழை விலகினால் ஒரு பக்கக் கூர் உயர்ந்து எதிர்ப்பக்கம் தாழும். இன்று கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் பள்ளம் தோண்டி, கூர் வடிவத் துண்டை மேலே பதிக்கிறார்கள். அதன் உச்சி பெரும்பாலும் லேசாக உருண்டிருக்கும், வெட்டுக் கருவி உருண்டையாக இருப்பதால்.

கருங்காலி, ஈட்டி போன்றவை கனமானவை, காயும்போது வெடிக்கவும் கூடும். அதனால் பலர் முன்கையின் நடுவில் முக்கால் அங்குலத் துளை போட்டு, உள்ளே நேரான மேப்பிள் தண்டை ஒட்டிவிடுகிறார்கள். எடை குறைகிறது, நேராகவும் நிற்கிறது.

ஜாயிண்ட் பின்னில் 5/16-14, 3/8-10, ரேடியல், யூனிலாக் என்று பல மரைகள். எது சிறந்தது என்ற சண்டையில் நான் இறங்க மாட்டேன். நடு மையத்தில் நேராக நின்று, இரண்டு முகமும் முழுவதும் பொருந்தினால் எல்லாமே நல்லவைதான். துளையை டிரில் மட்டும் வைத்து முடிக்காதீர்கள். டிரில் நாரைத் தொடர்ந்து ஓடும். போரிங் பார் (துளையை உள்ளிருந்து கடையும் கருவி) வைத்துத் துளையை மையத்துக்குக் கொண்டுவந்து, பிறகு மரை வெட்டுங்கள். சேர்த்த கியூவை விரலில் தாங்கினால் அடியிலிருந்து 18, 19 அங்குலத்தில் சமநிலை வர வேண்டும். அடியில் எடைத் திருகு மாற்றி அதைச் சரி செய்யலாம். பட்டுக்கு இன்று பெரும்பாலும் கார்களுக்கு அடிக்கும் வகைத் தெளிவான பூச்சு. ஷாஃப்டில் கை ஓடும் பகுதிக்கு மெழுகு போதும்.

விலை மதிப்பு

பெயர்தான் முதல் கேள்வி. அமெரிக்காவில் அந்தப் பெயர்களில் உச்சம் ஜார்ஜ் பலபுஷ்கா. 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் அமெரிக்கா போய், தச்சு வேலை செய்து, 1959-இல் நியூயார்க் புருக்ளினில் கியூ செய்யத் தொடங்கி, 1975-இல் இறந்தார். பதினாறே ஆண்டு. முதலில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் என்ற முழு ஒட்டு கிளப் கியூக்களை எடுத்து அறுத்து, ஜாயிண்ட் போட்டுப் புதுக் கியூ ஆக்கினார். பிறகு பர்ட்டன் ஸ்பெயின் செய்த கட்டைகள், அதற்குப் பிறகு கஸ் சாம்போட்டி செய்த கட்டைகள். ஒரு கியூவின் கூர்கள் யாருடையவை என்று பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ளவை பல்லாயிரம் டாலருக்குப் போவதால் போலிகளும் ஏராளம். பெயர் பொறித்திருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற கடிதமும் பழைய புகைப்படமும்தான் ஆதாரம்.

நம் கைக்கு வரும் கியூக்களில் பெரும்பாலானவை தொழிற்சாலைத் தயாரிப்புகள்: மெக்டெர்மட், வைகிங், ஜாஸ், மியூசி, ஷோன் போன்றவை. இவற்றுக்கு மாடல் எண்ணைக் கண்டுபிடித்து, அதே மாடல் கடைசியாக உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று தேடுங்கள். விற்பவர் போட்டிருக்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு.

கியூவைக் கையில் வாங்கியதும் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ஷாஃப்ட் மூலமானதா? ஜாயிண்ட் வளைய வேலைப்பாடு பட்டோடு பொருந்துகிறதா? நல்ல கியூக்கள் பெரும்பாலும் இரண்டு ஷாஃப்டோடு விற்கப்பட்டவை. இரண்டும் இருந்தால் மதிப்பு ஏறும், ஒன்று போனால் இறங்கும். பிறகு விட்டம். 13 மி.மீ. ஷாஃப்ட் 12.9 இருந்தால் அதை வைத்திருந்தவர் அறிந்தவர். 12 இருந்தால் யாரோ ஆசையாகத் தேய்த்திருக்கிறார். ஜாயிண்டில் படி தட்டுகிறதா என்று நகத்தால் உணருங்கள்.

அடுத்து கூர்கள். நாலும் ஒரே உயரமா, வெனீர் கோடுகள் உச்சியில் சுத்தமாக மூலை சேர்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் பூச்சு. பழைய கியூவில் மெல்லிய கோடுகளும் லேசான மஞ்சளும் இருப்பது நல்ல அடையாளம். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் மறுபூச்சு. செய்தவரே மறுபூச்சு போட்டிருந்தால் மதிப்பு பெரிதாகக் குறையாது. வேறு யாரோ போட்டிருந்தால், அடியிலிருந்த மரமும் கூரின் உச்சியும் கொஞ்சம் தேய்ந்துதான் போயிருக்கும். நூல் சுற்று புதியதா பழையதா என்பது பெரிய விஷயமில்லை. உருட்டிப் பார்ப்பது கடைசி, ஆனால் கட்டாயம். கோணல் பட் என்றால் விலையைப் பாதிக்குக் கீழே கொண்டுபோங்கள், வேலைப்பாடு எவ்வளவு மயக்கினாலும்.

பழைய அமெரிக்கக் கியூக்களில் ஃபெரூலும் பதித்த வேலைப்பாடும் யானைத் தந்தமாக இருக்கலாம். குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைந்த நுண்கோடுகள் தெரிந்தால் தந்தம். சிறு கரும்புள்ளிகள், கீறல்கள் தெரிந்தால் எலும்பு. இந்தியாவில் தந்த வணிகம் குற்றம். அமெரிக்காவும் 2016-இல் ஏறக்குறைய முழுத் தடை கொண்டுவந்தது. அப்படி ஒரு கியூவை இங்கே வரவழைக்க நினைக்காதீர்கள். மரத்திலும் கவனம் வேண்டும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. ஈட்டி உட்பட அந்த இனத்தின் மற்ற மரங்கள் எல்லாம் 2017 முதல் இரண்டாம் பட்டியலில். எல்லை தாண்டி வாங்குவதற்கு முன்னால் என்ன மரம் என்று எழுத்தில் கேட்டு, என்ன ஆவணம் வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள்.

புகைப்படம் மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: கழற்றிய இரு பாகமும் சமதளத்தில் உருளும் காணொளி, வெர்னியர் நுனியில் கவ்வியிருக்கும் படம், ஜாயிண்ட் இரு முகங்களின் நெருக்கப் படம், பட்டை நாலு பக்கமும் திருப்பிக் கூர்களின் உச்சி தெரியும் படம். இதைக் கேட்டதும் பதில் நின்றுபோனால் அந்தக் கியூ வேண்டாம். படங்கள் வந்து, கியூவும் வந்து சேர்ந்தால், பெட்டியைத் திறந்த உடனே ஆடப் போகாமல் அறையில் இரண்டு மூன்று நாள் படுக்க வையுங்கள். புது ஊரின் காற்றுக்கு அது பழகட்டும். அப்புறம் மறுபடி உருட்டி, மறுபடி அளந்து, அந்த எண்களை ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.